பெண் குழந்தைக்கு ‘நோவா’ என்று பெயர் வைக்கலாமா? வீட்டில் ஆண் பெயர் என்கிறார்கள்

தேன்மழை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்து இன்றோடு பத்தொன்பது நாள். பெயர் விஷயத்தில் வீடு இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் இஸ்ரேலில், ஹைஃபாவில், ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் நான்கரை வருடம் இருந்தேன். அவர்களுடைய கொள்ளுப்பேத்தி பெயர் நோவா. அப்போது ஆறு வயது, பள்ளியில் எழுத்து படிக்கத் தொடங்கியிருந்த நேரம். வெள்ளிக்கிழமை மாலை குடும்பம் முழுக்கச் சாப்பிட வரும்போது அந்தப் பிள்ளை என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, காலி மருந்து அட்டையின் பின்பக்கத்தில் எழுத்துகளை எழுதிக் காட்டும். முதலில் சொல்லிக்கொடுத்தது தன் பெயரைத்தான். நூன், வாவ், அயின், ஹே. எனக்கு எபிரேயத்தில் முதலில் எழுத வந்த சொல் அதுதான். எனக்கு ஒரு பெண் பிறந்தால் இதே பெயர் என்று அன்றைக்கே மனதில் முடித்துவிட்டேன்.

இப்போது சிக்கல் இரண்டு பக்கமும். கணவர் வீடு திருநெல்வேலிப் பக்கம், பரம்பரையாக வேதம் வாசிக்கிறவர்கள். மாமியார் கேட்கிறார், “பேழை கட்டினவர் பேரை யாராவது பொம்பளைப் பிள்ளைக்கு வைப்பாங்களா? ஜலப்பிரளயம் வந்தப்போ அவருக்கு 600 வயசு.” என் பக்கம் இந்துக் குடும்பம். என் அம்மாவுக்கு வேறு பயம். நோவா என்றால் நோவு மாதிரி கேட்கிறதாம், கூப்பிடும்போதெல்லாம் வலியைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறதாம். கணவருக்குப் பெயர் பிடித்திருக்கிறது, ஆனால் இரண்டு அம்மாக்களுக்கும் பதில் சொல்ல அவருக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அங்கே அது பெண் பெயர் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும். நான் பார்த்த நோவாக்கள் எல்லோரும் பெண்கள்தான்.

பாளைப் பேரன் எழுதியது:

தேன்மழை அம்மா, முதலில் வாழ்த்துகள். பிள்ளை நல்லா இருக்கட்டும்.

உங்கள் மாமியாரிடம் வேதாகமத்தை எடுத்து எண்ணாகமம் 27ஆம் அதிகாரம் முதல் வசனத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். செலொப்பியாத் என்கிறவருக்கு ஐந்து குமாரத்திகள்: மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். அந்த இரண்டாவது பெயர்தான் உங்கள் பிள்ளையின் பெயர். பேழை கட்டின நோவா ஆதியாகமத்தில் வருகிறவர், அவர் வேறு. எபிரேயத்தில் இரண்டும் வேறு எழுத்து, வேறு அர்த்தம். அதை எபிரேயம் தெரிந்த யாராவது வந்து விளக்கட்டும்.

நான் முப்பத்து மூன்று வருடம் தமிழாசிரியராக இருந்தவன், அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நம் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்கள் பெண் பெயர்களுக்குப் பெரும்பாலும் தமிழ் விகுதியைச் சேர்த்துவிட்டார்கள். சாரா சாராள் ஆனாள், லேயா லேயாள், ரெபெக்கா ரெபெக்காள், அன்னா அன்னாள். ‘ஆள்’ என்பது நம்முடைய பெண்பால் ஈறு. வந்தாள், போனாள் என்பதில் இருக்கிறதே, அதுதான். இந்த இடத்தில் அது பெரிய உபகாரம் செய்திருக்கிறது. ஆங்கிலத்தில் படிக்கிறவருக்குப் பேழை கட்டினவரும் இந்தப் பெண்ணும் ஒரே எழுத்துக்கூட்டல், பழைய ஆங்கில வேதாகமத்தில் இரண்டு பேருக்கும் ஒரே பெயர்தான் அச்சாகியிருக்கிறது. தமிழில் படிக்கிறவருக்குக் குழப்பமே கிடையாது. அவர் நோவா, இவள் நோவாள். ஆக உங்கள் மாமியாருக்கு இந்தப் பெயர் ஏற்கெனவே தெரியும், வருடா வருடம் வாசித்திருப்பார், ஈறு போனதால் அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அம்மா சொல்கிற ‘நோவு’ பற்றி இன்னொரு நாள் விரிவாக எழுதுகிறேன். அதற்கும் பதில் உண்டு.

எழுத்தாணி எழுதியது:

எபிரேயம் நான் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் படித்தேன், ஐயா விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்.

பேழை கட்டியவரின் பெயர் எபிரேயத்தில் ‘நோஅக்’ என்பதுபோல் முடியும், கடைசியில் தொண்டையை உரசி வருகிற ஒரு ஒலி. எழுத்து நூன், ஹெத். அந்த வேருக்கு இளைப்பாறுதல், அமர்தல், தங்கி ஓய்தல் என்று பொருள். பெண்ணின் பெயரில் ஹெத் கிடையாது, அயின் உண்டு. வேதாகமத்தில் நூன், அயின், ஹே என்று மூன்று எழுத்து. இன்றைக்கு எழுதும்போது நடுவில் வாவ் சேர்த்து நான்காக எழுதுகிறார்கள், தேன்மழைக்கு அந்தக் குழந்தை சொல்லிக்கொடுத்தது அப்படித்தான். அந்த வேருக்குப் பொருள் அசைதல், ஆடுதல், நகர்தல். அதாவது ஒரு பெயர் ஓய்வு, இன்னொரு பெயர் அசைவு. எழுத்தில் மட்டுமில்லை, பொருளிலும் இரண்டும் எதிர் எதிர்த் திசை.

இந்த வேர் வருகிற இடங்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். குழந்தை இல்லாத அன்னாள் சீலோவில் சத்தமில்லாமல் ஜெபம் பண்ணும்போது அவளுடைய உதடுகள் மட்டும் அசைந்தன என்று ஒன்று சாமுவேல் முதல் அதிகாரத்தில் இருக்கிறதே, அந்த ‘அசைந்தன’ இந்த வேர்தான். ஏசாயா 7ஆம் அதிகாரத்தில், படை வருகிறது என்று கேள்விப்பட்ட ராஜாவின் மனமும் ஜனங்களின் மனமும் காட்டு மரங்கள் காற்றில் அசைவதுபோல் அசைந்தன என்று வரும், அதுவும் இதே. காயீனுக்கு நிலையில்லாமல் அலைவாய் என்று சொல்லப்பட்டதிலும் இதே வேர்தான் இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், ஒரு வேர் என்றால் நல்லதும் கெட்டதும் சேர்ந்துதான் இருக்கும். இன்றைய எபிரேயத்தில் தெருவில் ஓடும் போக்குவரத்துக்கு ‘த்னுஆ’, இயக்கம் என்பதற்கும் அதே சொல், இலக்கணத்தில் உயிரொலிக்கும் அதே சொல். வண்டியின் எஞ்சினுக்கு ‘மனோஅ’. எல்லாம் இந்தப் பெயரின் உடன்பிறப்புகள்.

உச்சரிப்பு: முதல் அசையில் அழுத்தம். நோ-அ. நடுவில் நாம் போடுகிற ‘வ’ அங்கே இல்லை. தமிழில் ஓகாரத்துக்குப் பிறகு உயிர் வந்தால் வகர உடம்படுமெய் தானாக வந்துவிடும் என்பதால் நோவா என்று எழுதுகிறோம், அதில் தப்பில்லை.

காயல் கடலோரம் எழுதியது:

இதைப் படித்ததும் ஒன்று தோன்றியது. நாங்கள் பேழை கட்டியவரை நூஹ் நபி என்போம். அந்தக் கடைசி ‘ஹ்’ அரபியில் அப்படியே நிற்கிறது. எழுத்தாணி சொல்கிற தொண்டை ஒலி அதுதானே? எங்கள் வீட்டில் யாரிடமாவது நோவா என்று ஒரு பெண்ணைக் காட்டினால் நூஹ் நபி பெயர் என்று நினைக்கவே மாட்டார்கள், அவ்வளவு தள்ளி நிற்கிறது.

எழுத்தாணி எழுதியது:

அதேதான் சகோ. அரபி அந்த ஒலியைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. கிரேக்கம், லத்தீன் வழியாக ஐரோப்பாவுக்குப் போனபோது அது உதிர்ந்துவிட்டது, அந்த வழியில்தான் நமக்கு ‘நோவா’ வந்தது. குழப்பத்துக்குக் காரணமே அதுதான்.

வடகடல் காற்று எழுதியது:

நான் யாழ்ப்பாணம், இப்ப இருபது வருசமா நெதர்லாந்தில் இருக்கிறன். இங்கே இது சாதாரணமான பொம்பிளைப் பிள்ளைப் பெயர், யூதக் குடும்பம் என்றில்லை, எல்லாரும் வைக்கினம். கடைசியில் எச் எழுத்து இருந்தால் பெடியன், இல்லையென்றால் பெட்டை. என்ர மகளின்ர வகுப்பில் இரண்டு வகையும் இருந்தது. வகுப்பாசிரியை கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்புவினம், பிறகு குடும்பப் பெயரின் முதலெழுத்தைச் சேர்த்துக் கூப்பிடத் தொடங்கினார். ஸ்பெயினிலும் இது பொம்பிளைப் பிள்ளைகளுக்கு நல்லா வைக்கிற பெயர்.

தங்கச்சி, நீங்கள் பிள்ளையைப் பிறகு வெளிநாட்டில் படிக்க வைக்கிற எண்ணம் இருந்தால் எழுத்துக்கூட்டலை மட்டும் கவனமாய்ப் பாருங்கோ. அமெரிக்காவில் எச் போட்ட பெயர் 2013 முதல் 2016 வரை ஆண் பிள்ளைகளுக்கு முதலிடத்தில் இருந்தது. அங்கே எச் சேர்த்து எழுதினால் கடிதமெல்லாம் ஆணுக்குப் போடுகிற மாதிரித்தான் வரும்.

இன்னொன்று. பசிபிக் தீவுப் பக்கம், மாவோரி, ஹவாய் மொழிகளில் ‘நோவா’ என்றொரு சொல் இருக்குது. தபு, அதாவது தொடக்கூடாத தடை, அதற்கு எதிர்ச்சொல். தடையில்லாதது, கட்டு நீங்கியது. எபிரேயத்துக்கும் அதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, ஆனால் கேட்க நல்லா இருக்குது.

தேன்மழை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. பாளைப் பேரன் ஐயா, மாமியாரிடம் எண்ணாகமம் எடுத்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் வாசித்தார், ஒன்றும் சொல்லவில்லை, புத்தகத்தை மூடும்போது “இந்தப் பிள்ளைங்க சொத்துக் கேட்ட கதைல்லா” என்றார். அவ்வளவுதான். அந்தக் கதை என்ன என்று யாராவது விவரமாகச் சொல்லுங்களேன்.

பாளைப் பேரன் எழுதியது:

சொல்கிறேன் அம்மா. இஸ்ரவேலர் வனாந்தரத்தில் நாற்பது வருடம் சுற்றி, யோர்தானுக்கு இக்கரையில், எரிகோவுக்கு எதிரே மோவாபின் சமவெளியில் இறங்கியிருக்கிறார்கள். ஆற்றைத் தாண்டினால் நிலம். யாருக்கு எவ்வளவு என்று பங்கிட ஜனத்தொகை எடுக்கிறார்கள், ஆண்களைத்தான் எண்ணுகிறார்கள். மனாசே கோத்திரத்துச் செலொப்பியாத் வழியிலேயே செத்துப்போனான், அவனுக்கு ஆண் பிள்ளை இல்லை, ஐந்தும் பெண். அப்படியானால் அவன் பங்கு அழிந்துபோகும்.

அந்த ஐந்து பேரும் ஆசரிப்புக் கூடாரத்தின் வாசலுக்கு வந்து, மோசேக்கும் ஆசாரியனுக்கும் பிரபுக்களுக்கும் முன்னால், சபை அத்தனை பேருக்கும் முன்னால் நிற்கிறார்கள். எங்கள் தகப்பனுக்கு மகன் இல்லை என்பதற்காக அவர் பெயர் வம்சத்தில் இல்லாமல் அற்றுப்போக வேண்டுமா, அவருடைய சகோதரர்களோடு எங்களுக்கும் காணியாட்சி கொடுங்கள் என்கிறார்கள். மோசே பதில் சொல்லவில்லை. சட்டம் கொடுத்த மனிதருக்கே சட்டம் தெரியவில்லை, கர்த்தரிடம் கொண்டுபோகிறார். கர்த்தர் அந்தப் பெண்கள் சொல்வது சரி என்கிறார். அதோடு நிற்கவில்லை. இனிமேல் மகன் இல்லாமல் ஒருவன் செத்தால் மகளுக்குப் போகும் என்று எல்லோருக்குமான சட்டமாகவே ஆகிவிடுகிறது. பிறகு யோசுவா 17ஆம் அதிகாரத்தில் இதே ஐந்து பேரும் திரும்ப வந்து, மோசேக்குச் சொல்லப்பட்டது இது, எங்கள் பங்கு எங்கே என்று நினைவுபடுத்தி வாங்கிக்கொள்கிறார்கள். வாக்கு வாங்கியதோடு வீட்டுக்குப் போய்விடவில்லை பாருங்கள், நிலம் கைக்கு வரும்வரைக்கும் பின்னாலேயே போயிருக்கிறார்கள்.

ஐந்து பேரையும் எண்ணாகமத்திலும் யோசுவாவிலும் பெயர் சொல்லித்தான் எழுதியிருக்கிறது. ‘செலொப்பியாத்தின் குமாரத்திகள்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். வேதாகமத்தில் எத்தனையோ பெண்களுக்குப் பெயரே கிடையாது. யெப்தாவின் மகளுக்குப் பெயர் இல்லை, லோத்தின் மனைவிக்குப் பெயர் இல்லை. தகப்பன் பெயர் அழியக்கூடாது என்று கேட்டுப் போன பிள்ளைகளின் பெயரும் சேர்ந்து நின்றுவிட்டது.

எழுத்தாணி எழுதியது:

அந்தப் பெயர் வரிசை பற்றி யூத ஆசான்கள் யோசித்திருக்கிறார்கள். 27ஆம் அதிகாரத்தில் நோவா இரண்டாவது, 36ஆம் அதிகாரத்தில் ஐந்தாவது. ஏன் மாற்றி எழுதியிருக்கிறது? யூதர்களின் சட்ட விளக்க நூலான தல்மூதின் பாவா பத்ரா பகுதி சொல்வது: ஓரிடத்தில் அறிவின் வரிசை, இன்னோரிடத்தில் வயதின் வரிசை. 36இல் கல்யாணம் பற்றிப் பேச்சு வருவதால் அங்கே வயது. அப்படிப் பார்த்தால் நோவாதான் கடைக்குட்டி, ஆனால் அறிவில் இரண்டாவது இடம். அதே பகுதியில் அந்தப் பெண்களை ஞானமுள்ளவர்கள், வேதப் பொருளை ஆராய்ந்து சொல்லத் தெரிந்தவர்கள், நீதியுள்ளவர்கள் என்று மூன்று சொல்லில் பாராட்டியிருக்கிறது.

நாகர்கோவில்காரி எழுதியது:

எல்லோரும் 27ஆம் அதிகாரத்தைச் சொல்லிச் சந்தோஷப்படுகிறீர்கள், 36ஐயும் வாசியுங்கள். அதே குலத்து மூப்பர்கள் மோசேயிடம் வந்து, இந்தப் பிள்ளைகள் வேற்றுக் கோத்திரத்தில் கல்யாணம் பண்ணினால் நிலம் கைமாறிப்போகுமே என்று கேட்கிறார்கள். அப்புறம் என்ன தீர்ப்பு? சொந்தக் கோத்திரத்தில்தான் கட்டவேண்டும். ஐந்து பேரும் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளைக் கட்டிக்கொண்டார்கள். நிலம் கொடுத்த கையாலேயே கயிறும் கட்டியாயிற்று. அதையும் அந்தக் குழந்தை வளர்ந்ததும் தெரிந்துகொள்ளட்டும், பாதிக் கதை சொல்லி வளர்க்க வேண்டாம்.

எனக்கு இது வெறும் பழைய கதை இல்லை. எங்கள் ஊர் முன்பு திருவிதாங்கூர் சமஸ்தானம், பிறகு 1956 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சி. திருவிதாங்கூரில் கிறிஸ்தவர்களுக்கு 1916இல் ஒரு வாரிசுச் சட்டம் வந்தது, உயில் எழுதாமல் தகப்பன் செத்தால் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. வேதத்தில் எண்ணாகமம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வாசிக்கிறோம், வீட்டில் சட்டம் இப்படி. மேரி ராய் என்கிற கேரளத்துக் கிறிஸ்தவப் பெண் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 1986இல் தீர்ப்பு வாங்கியபிறகுதான் கேரளத்தில் அது போனது. என் பாட்டிக்குக் கல்யாணத்தில் போட்ட நகையோடு கணக்கு முடிந்துவிட்டது, தென்னந்தோப்பு முழுக்க அண்ணன்மாருக்கு. பாட்டி கடைசிவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்கலாம் என்றே அவருக்குத் தோன்றியிருக்காது.

அதனால் தேன்மழை, நான் ஆட்சேபிக்கவில்லை. வையுங்கள். வாசலில் வந்து நின்று கேட்டவள் பெயர் அது. எங்கள் குடும்பத்தில் எஸ்தர் இருக்கிறாள், ரூத் இருக்கிறாள், ராகேல் மூன்று பேர். நோவாள் ஒருத்திகூட இல்லை, இப்போதுதான் அது ஏன் என்று யோசிக்கிறேன்.

பாளைப் பேரன் எழுதியது:

மகளே, நீங்கள் சொல்வது நியாயம். 36ஐ நான் சொல்லாமல் விட்டது சரியில்லை.

எழுத்தாணி எழுதியது:

36 பற்றி ஒரு சின்ன விஷயம் மட்டும். அந்தக் கட்டுப்பாடு அந்தத் தலைமுறைக்கு மட்டும்தான் என்று தல்மூத் முடிவு செய்தது. கோத்திரம் விட்டுக் கோத்திரம் கட்டலாம் என்று திறந்துவிட்ட நாள் யூத நாட்காட்டியில் ஆவ் மாதம் பதினைந்தாம் நாள் என்று ஒரு மரபு. தேன்மழைக்குத் தெரிந்திருக்கும், இஸ்ரேலில் இன்று அது காதலர் தினம் மாதிரி கொண்டாடுகிற நாள். நாகர்கோவில்காரி சொன்ன கயிறு என்றைக்கோ அறுந்துவிட்டது, ஆனால் கட்டினது உண்மைதான்.

குறிஞ்சிக்கல் எழுதியது:

எனக்குத் தொல்லியல் மேல் ஆர்வம் உண்டு. யாரும் இதைச் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன்.

1910இல் சமாரியாவில் ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு ரைஸ்னர் தலைமையில் தோண்டும்போது, இஸ்ரவேல் ராஜாக்களின் அரண்மனைப் பகுதியில் மை கொண்டு எழுதின பானையோடுகள் நிறையக் கிடைத்தன. கி.மு. 8ஆம் நூற்றாண்டு. பெரிய இலக்கியமெல்லாம் இல்லை, சரக்குச் சீட்டு. பத்தாம் ஆண்டு, இன்ன இடத்திலிருந்து, இன்னாருக்கு, ஒரு குடம் பழைய திராட்சரசம், ஒரு குடம் நல்ல எண்ணெய். அந்த இடப்பெயர்களில் மனாசே கோத்திரத்துக் குலங்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. அதில் இரண்டு பெண் பெயர்கள். ஒக்லா, நோவா. நூன், அயின், ஹே, அதே மூன்று எழுத்து.

அதாவது சமாரியாவைச் சுற்றியிருந்த மலைச்சரிவில் நோவா என்றொரு பகுதி நிஜமாகவே இருந்திருக்கிறது, அங்கிருந்து தலைநகருக்குக் குடம் குடமாகச் சரக்கு போயிருக்கிறது. திர்சாவும் அந்தப் பக்கத்து நகரம்தான், சமாரியாவுக்கு முன்னால் இஸ்ரவேலின் தலைநகராக இருந்தது. ஐந்து பெண்களின் கதை எப்படிப் பிறந்தது, ஊருக்கு அவர்கள் பெயரா, ஊர்ப்பெயரிலிருந்து கதையா என்று அறிஞர்கள் வாதாடுவார்கள், அது அவர்கள் பாடு. நிலம் கேட்ட பெண்ணின் பெயர் நிலத்தின் பெயராகவே ஒரு ஓட்டில் இருக்கிறது என்பது எனக்குப் போதும். கொடுமணல் பானையோட்டில் கீறின ஆள்பெயர்களை முதல் தடவை பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, இதைப் படித்தபோதும் அதே மாதிரி இருந்தது.

கரிசல் குயில் எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அக்கா. காசாவில் நடந்ததையெல்லாம் பார்த்தபிறகு இஸ்ரேலில் பிரபலமான ஒரு பெயரைத் தேடிப்பிடித்து வைக்க வேண்டுமா? எனக்கு மனசு ஒப்பவில்லை. அங்கே செத்த குழந்தைகளின் முகம் வருகிறது.

தேன்மழை எழுதியது:

தப்பாக எடுக்கவில்லை தம்பி. நானும் இதை நினைக்காமல் இல்லை. நான் அங்கே வேலை பார்த்தபோது ஹைஃபாவில் எங்கள் கட்டடத்திலேயே அரபுக் குடும்பங்கள் இருந்தன, பாட்டிக்கு ஊசி போட வந்த நர்ஸ் அரபுப் பெண்தான். இப்போது செய்தி பார்த்தால் தூக்கம் வருவதில்லை, காசாவின் பிள்ளைகளுக்காகவும்தான், அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்காகவும்தான். ஆனால் எனக்கு இந்தப் பெயரைக் கொடுத்தது ஒரு அரசாங்கம் இல்லை, ஆறு வயதுப் பிள்ளை, மருந்து அட்டையில் எழுதிக் கொடுத்தது.

குறிஞ்சிக்கல் எழுதியது:

கரிசல் குயில், நான் சொன்ன ஓடுகள் கிடைத்த இடம் எது தெரியுமா? இன்றைக்கு நாப்லுஸுக்கு வடமேற்கே செபஸ்தியா என்கிற பாலஸ்தீனக் கிராமம், ஓடு கிடைத்த மேடு ஊரை ஒட்டியே இருக்கிறது. அந்தச் சரிவுகளில் இன்றும் ஒலிவ மரம்தான். ஒரு நாட்டுக்கு மட்டும் பட்டா போட முடியாத அளவுக்கு அந்தப் பெயர் பழையது.

எழுத்தாணி எழுதியது:

பிரபலம் பற்றிப் பேச்சு வந்ததால் அதையும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு பழைய பெயர் என்றாலும், ஐரோப்பாவில் வாழ்ந்த யூதர்கள் பல நூற்றாண்டுகளாக இதை அதிகம் வைத்ததாகத் தெரியவில்லை. சாரா, ரிவ்கா, ராகேல், லேயா, எஸ்தர், ஹன்னா, இல்லாவிட்டால் கோல்டா மாதிரி இத்திஷ் மொழிப் பெயர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலஸ்தீனத்துக்குக் குடியேறி எபிரேயத்தைத் திரும்பப் பேச்சுமொழி ஆக்கினவர்கள், பாட்டிமார் பெயர் வேண்டாம் என்று வேதாகமத்தில் தூங்கிக்கொண்டிருந்த பெயர்களைத் தேடி எடுத்தார்கள். அப்படித்தான் இதுவும் எழுந்து வந்தது.

அந்தத் தலைமுறையில் எனக்குப் பிடித்த நோவா ஒருவர் உண்டு. நோவா எஷ்கோல், 1924இல் தெகானியா பெத் என்கிற கிபுட்ஸில், அதாவது கூட்டுப் பண்ணைக் குடியிருப்பில், பிறந்தவர், பின்னாளில் பிரதமரான லெவி எஷ்கோலின் மகள். நடனக் கலைஞர். உடம்பின் அசைவை இசைக்கு ஸ்வரம் எழுதுவதுபோல் எழுதிவைக்க ஒரு குறியீட்டு முறை வேண்டும் என்று ஆபிரகாம் வாக்மன் என்கிற கட்டடக் கலைஞரோடு சேர்ந்து உருவாக்கி 1958இல் வெளியிட்டார். அசைவு என்று பெயர் வைக்கப்பட்ட பெண், ஆயுள் முழுக்க அசைவை எழுதும் வழியைத் தேடியிருக்கிறார். 2007இல் காலமானார்.

அப்புறம் 1990களில் இந்தப் பெயர் மேலே ஏறியது. 1995 நவம்பரில் பிரதமர் ராபின் கொல்லப்பட்டு அடக்கம் நடந்தபோது அவருடைய பேத்தி நோவா தாத்தாவைப் பற்றிப் பேசினாள், உலகமே பார்த்தது, பதின்பருவப் பெண். 2000களில் இஸ்ரேலின் யூதக் குடும்பங்களில் பெண் குழந்தைப் பெயர்களில் வருடா வருடம் இதுதான் முதலிடம், 2010களின் நடுப்பகுதி வரைக்கும் அசையவில்லை. பிறகு தாமார் வந்தது, அபிகாயில் வந்தது. தேன்மழை பார்த்த குழந்தை அந்த அலையில் பிறந்தவளாக இருக்கும். 2023 யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் லிவர்பூலில் மூன்றாம் இடம் வந்த நோவா கிரெல் 2001இல் பிறந்தவர், அவரும் அதே அலைதான்.

இன்னொரு பாடகி நோவா உண்டு, யெமன் வழிவந்த குடும்பம். அவருடைய முழுப்பெயர் அகினோவாம், நோவா என்பது சுருக்கம். அது வேறு வேர், இனிமை என்று பொருள். தாவீதின் மனைவியரில் ஒருத்தியின் பெயர். 2009 யூரோவிஷனில் மீரா அவாத் என்கிற பாலஸ்தீனப் பாடகியோடு சேர்ந்து இஸ்ரேல் சார்பில் எபிரேயம், அரபி, ஆங்கிலம் மூன்றிலும் பாடினார். கரிசல் குயிலுக்காக இதைச் சொல்கிறேன்.

கரிசல் குயில் எழுதியது:

தெரியாது. சொன்னதற்கு நன்றி. அக்கா, மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். பிள்ளைக்கு என் வாழ்த்து.

பாளைப் பேரன் எழுதியது:

சொன்னபடி ‘நோவு’ விஷயத்துக்கு வருகிறேன். தேன்மழை அம்மாவின் அம்மாவுக்காக.

அவர் காதுக்குக் கேட்பது பொய்யில்லை. நோ என்பது நம் மொழியில் வலிதான். நோதல், நோவு, நோய் எல்லாம் அந்தக் குடும்பம். ஆனால் ‘நோவா’ என்று ஆகாரத்தில் முடிந்தால் தமிழ் இலக்கணத்தில் என்ன ஆகிறது? வாடா மலர் என்றால் வாடாத மலர். அழியாப் புகழ் என்றால் அழியாத புகழ். செல்லாக் காசு, பொய்யா விளக்கு, ஓயா மாரி. இதற்கு ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்று பெயர், நான் எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்டிருப்பேன். கடைசியில் இருந்த ‘த’ போய்விடும், இல்லை என்கிற பொருள் மட்டும் நிற்கும். அந்த வழியில் நோவா என்றால் நோவாத. நோவா நெஞ்சம் என்றால் நோகாத நெஞ்சம். வலி இல்லாதவள் என்று அம்மா எடுத்துக்கொள்ளட்டும்.

ஈற்றைச் சேர்த்து நோவாள் என்று சொன்னாலும் பழைய நடையில் நோகமாட்டாள் என்று பொருள் கொள்ளலாம். இது எபிரேயப் பொருள் இல்லை, அதை எழுத்தாணி தம்பி சரியாகச் சொல்லிவிட்டார். ஆனால் பிள்ளை தமிழ் வீட்டில் வளரப்போகிறவள், தமிழ்க் காது என்ன கேட்கும் என்று ஒரு பாட்டி கவலைப்பட்டால் தமிழிலேயே பதில் சொல்லவேண்டும் அல்லவா.

வடகடல் காற்று எழுதியது:

ஐயா, இதை என்ர அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். இரண்டு தரம் வாசிக்கச் சொன்னவ.

தேன்மழை எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், குழந்தைக்கு ஜுரம் வந்து இந்தப் பக்கம் வரவே முடியவில்லை. இப்போது நன்றாக இருக்கிறாள்.

பாளைப் பேரன் ஐயாவின் பதிவை என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வாடா மலர் என்று வந்ததுமே நிறுத்தச் சொல்லிவிட்டு, “சரி, அப்ப வைங்க” என்றார். பிறகு அவரே ஆள் ஆளுக்குப் போன் போட்டு வலியில்லாதவள் என்று அர்த்தம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அசைவு என்பதை நான் இன்னும் அவருக்குச் சொல்லவில்லை, மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. ராத்திரி முழுக்கக் கை காலை உதைத்துக்கொண்டே இருக்கிறவளுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.

பிறப்புச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்தபோது ஆங்கிலத்தில் எச் இல்லாமல்தான் கொடுத்தேன். அங்கே இருந்தவர் நான் விட்டுவிட்டேன் என்று நினைத்து அவராகவே சேர்த்து அடித்துவிட்டார். வடகடல் காற்று அண்ணன் சொன்னது ஞாபகம் வந்து, கையெழுத்துப் போடுவதற்கு முன்பே பார்த்து மாற்றச் சொல்லி வாங்கிவந்தேன். மூன்றே எழுத்து. தமிழில் நோவா.

நாகர்கோவில்காரி அக்கா, உங்கள் பாட்டி கதையை என் மாமியாரிடம் சொன்னேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அவருடைய அப்பாவின் பனங்காட்டைப் பற்றிச் சொன்னார், அவருக்குக் கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் இந்த வீட்டில் யாரிடமும் அதைச் சொன்னதில்லையாம், என் கணவருக்கே தெரியாது. மாமியார் மட்டும் குழந்தையை நோவாள் என்றுதான் கூப்பிடுகிறார், ஈற்றோடு. மாற்றச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை.

ஞானஸ்நானம் அடுத்த ஞாயிறு. என்ன வேதபாகம் வாசிக்கலாம் என்று சபைப் போதகர் ஐயர் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் மாமியார் எண்ணாகமம் 27 என்று சொல்லிவிட்டார். நாகர்கோவில்காரி அக்கா சொன்னதை நினைத்துக்கொண்டு, 36ஐயும் சேர்த்து வாசிக்கலாமா என்று கேட்டேன். ஐயர் கொஞ்சம் யோசித்தார். சரி என்றார், இரண்டும்.